ருஷ்யக் கிழவரின் மனமும் என் மகனின் மனமும்

1

இந்தப் பங்குனியோடு ராஜு கப்பலேறி ஒரு வருஷம் ஆகிறது. மாயவரத்திலிருந்து என் நாத்தனார் எழுதியிருந்தாள்: "மலாய் நாட்டில் மழை விடாமல் பெய்கிறதாமே, ரப்பர் மரத்தில் பால் கொட்டுகிறதாமே, அதையெல்லாம் எழுதாமல் எப்போது பார்த்தாலும் உன் மகனைப் பற்றியே எழுதுகிறாயே." மழை பெய்கிறது. பால் கொட்டுகிறது. போதுமா? இனி நான் என் மகனைப் பற்றி எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

அவன் பெயர் நடராஜன்; எங்களுக்கு ராஜு. எங்களுக்கு அவன் ஒருவன்தான். கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவன். நாகப்பட்டினத்துக் கடலையோ காவேரித் தண்ணீரையோ கண்ணால் பார்த்ததில்லை. தமிழ் பேசுவான், பாதியில் மலாய் வந்துவிடும், மீதியில் இங்கிலீஷ் வந்துவிடும். நான் திட்டினால் "தாப்பா லா அம்மா" என்பான். பரவாயில்லை விடு என்று அர்த்தம். எதைச் சொன்னாலும் அவனுக்குத் தாப்பாதான். ஸ்டேஷனில் தந்தி குமாஸ்தாவாகச் சேர்ந்து நல்ல பெயரும் எடுத்தான். இப்போது பஸ்ராவுக்கு அப்பால் ஒரு மணல்காட்டில், ஜெர்மன் சண்டைக்காக வெள்ளைக்காரர் போட்டிருக்கும் ரயில் பாதையில் உட்கார்ந்து தந்தி அடிக்கிறான். துருக்கியர் சுடும் குண்டு அவன் இருக்கும் இடம் வரை வருமா, வராதா என்று யாரைக் கேட்டாலும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அவன் முழுசாகத் திரும்பி வர வேண்டும். எனக்கு வேறு எந்த வேண்டுதலும் இல்லை.

விடிந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகிறேன். தெலுங்குக்காரி, மலையாளத்துக்காரி, யாழ்ப்பாணத்து அம்மா, நம் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண்கள், எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "கடிதாசி வந்துச்சா அக்கா?" வந்தாலும் அதில் ஒன்றும் இருப்பதில்லை. நலம், நலமறிய ஆவல், பேரீச்சம்பழம் நன்றாக இருக்கிறது. மற்றதையெல்லாம் மேலே உள்ளவர்கள் மை பூசி அடித்துவிடுகிறார்கள். தமிழில் எழுதினால் அதைப் படித்துப் பார்க்க ஆள் தேடி இரண்டு மாதம் போட்டு வைக்கிறார்களாம். அதனால் பெற்ற தாய்க்குப் பிள்ளை இங்கிலீஷில் எழுதுகிறான். அதை இன்னொருவர் படித்துச் சொல்லி நான் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு ருஷ்யக்காரர் இருக்கிறார் என்றால் சிரிப்பீர்கள். பெரிய நாவலாசிரியர். செத்துப் போய்ச் சில வருஷம் ஆகிறது. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, நல்ல மனிதர். நாங்கள்தான் அவரைத் தலைகீழாகப் படித்துவிட்டோம்.

2

எங்கள் வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசிப்பு நடக்கும். மிஷன் பள்ளிக்கூடத்து ஞானப்பிரகாசம் வாத்தியார் இங்கிலீஷ் புத்தகத்தில் ஒரு பக்கத்தை மனசுக்குள் படிப்பார். பக்கத்துக்குள் விரலை விட்டுப் புத்தகத்தை மூடுவார். பிறகு அதைத் தமிழில் சொல்வார். குவார்ட்டர்ஸ் ஆண்கள் பாயில் உட்கார்ந்து கேட்பார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று காப்பி ஆற்றிக்கொண்டே கேட்பேன். வாத்தியார் சொன்னால் எந்த ஊர்க் கதையும் அடுத்த தெருவில் நடந்த மாதிரி இருக்கும். இங்கிலீஷ் தெரிந்த ராஜுகூடத் தானாகப் படிக்க மாட்டான். வாத்தியார் வாயால் கேட்டால்தான் அவனுக்கு ருசி.

புத்தகங்கள் சென்னையிலிருந்து கப்பலில் வரும். சண்டை ஆரம்பித்த பிறகு கப்பல் குறைந்துவிட்டது. கேட்டது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்ததைப் படிக்க வேண்டியதுதான். இங்கே எங்களுக்கு ஊர்ப் பத்திரிகையும் அப்படித்தான் வருகிறது. கட்டுக்கட்டாக, மாதக்கணக்கில் தாமதமாக. கடைசிக் கப்பலில் வந்த கட்டுதான் புதுச் சேதி என்று எடுத்துக்கொள்வோம். அதே பழக்கத்தைப் புத்தகத்துக்கும் வைத்துக்கொண்டுவிட்டோம். கடல் தாண்டி வந்து உட்கார்ந்தவர்களுக்குத்தான் இந்தப் புத்தி வரும்.

ருஷ்யக்காரர் எழுதியதில் முதலில் வந்தது ஒல்லியான ஒரு புத்தகம். சப்பான்காரனோடு ருஷ்யா சண்டை போட்ட காலத்தில் எழுதியது. எந்த ராஜா சொன்னாலும் ஒரு மனிதன் இன்னொரு மனிதனைக் கொல்லக் கூடாது, சண்டை என்பதே பாவம் என்று அதில் சொல்லியிருந்தாராம். கேட்டுவிட்டு இரண்டு பேர் அழுதார்கள். நான் உள்ளே அழுதேன். ஆறேழு மாதம் கழித்து அடுத்தது வந்தது; தலையணை மாதிரி தடிமன். பிரெஞ்சு ராஜா படையெடுத்து வந்த கதை. அதைச் சொல்லி முடிக்க ஒரு மழைக்காலமே போயிற்று. அதில் சண்டையும் உண்டு, கல்யாணமும் உண்டு, சண்டையைத் தளபதிகள் நடத்துவதாக நினைத்துக்கொள்வதெல்லாம் வெறும் பிரமை என்கிற பேச்சும் உண்டு. மூன்றாவதாக வந்தது சின்னக் கதைப் புத்தகம். கடலோரத்தில் ஒரு கோட்டையைப் பகைவர் வளைத்துக்கொண்டிருக்கிறார்கள். ருஷ்யக்காரரும் பீரங்கிப் படையில் அதிகாரியாக உள்ளே நிற்கிறார். சாதாரணச் சிப்பாய் எவ்வளவு தைரியமாக, எவ்வளவு அமைதியாகச் செத்துப் போகிறான் என்று எழுதுகிறார். வாத்தியார் முதல் கதையை மட்டும் சொன்னார். அடுத்த வாரம் அவருக்குக் காய்ச்சல். மற்றக் கதைகளை யாரும் திறக்கவே இல்லை.

வாத்தியார் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். "சப்பான் சண்டையப்ப கொல்லாதேன்னாரு. சொந்த நாடு தோத்ததைப் பார்த்தாரு. மனசு மாறிப்போச்சு. கடைசிக் காலத்துல தானே கோட்டைக்குப் போய் நின்னுட்டாரு. பெரிய மனுஷன்னா இப்படித்தான் இருக்கணும், தன் தப்பைத் தானே திருத்திக்கணும்," என்றார்.

எனக்கு ஒன்று உதைத்தது. கதவிடுக்கிலிருந்து கேட்டேன்: "ஏன் வாத்தியார், மொத புத்தகத்துலேயே அவர் கிழவர்னு சொன்னீங்களே. அதுக்கப்புறமா பீரங்கி பக்கத்துல போய் எப்படி நின்னார்?"

"மனசுல வயசு இல்லம்மா," என்றார் வாத்தியார். எல்லாரும் சிரித்தார்கள். ராஜு மட்டும் சிரிக்கவில்லை. கோட்டையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

3

பஸ்ராவுக்கு ரயில்வே ஆட்கள் வேண்டும் என்று ஆபீஸில் அறிவிப்பு ஒட்டினார்கள். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் ராஜு போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டான். கிள்ளானில் வேலை பார்த்த அவன் சிநேகிதன் அந்தோணியும் கூடப் போட்டான். எனக்கு விஷயம் குழாயடியில்தான் தெரிந்தது. குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அவன் அப்பா கூட்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. அன்றைக்கு அவர் நடையே வேறாக இருந்தது. துரை தன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, "உன் மகன் ராஜ விசுவாசி" என்று சொல்லி இவர் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். அந்தக் கையைப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்றைக்குச் சோற்றை இடது கையால் சாப்பிடுவாரோ என்று நினைத்தேன்.

"ஒத்தப் பிள்ளைங்க," என்றேன்.

"சண்டை போடவா போறான்? தந்தி அடிக்கப் போறான். சும்மா ஒப்பாரி வைக்காதே."

ராஜுவைக் கேட்டேன். சட்டையைக் கழற்றியபடியே சொன்னான்: "அம்மா, அந்த ருஷ்யக்காரரே மொதல்ல வேண்டாம்னவர்தானே? கடைசியில புரிஞ்சுக்கிட்டார். அவ்வளவு பெரிய மூளைக்கே அதுதான் முடிவுன்னா நான் எந்த மூலைக்கு?"

அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோய்விட்டது. அவனை எப்படித் தடுப்பது என்று எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

4

கப்பலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கந்தையா என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருவர் கணக்கர் வேலைக்குப் புதிதாக வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக்கும் வந்து ஓரமாக உட்கார்ந்தார். ராஜுவுக்கு அன்று ஸ்டேஷனில் டியூட்டி. வாத்தியார், ஊர் விட்டுப் போகப் போகிற பிள்ளையைப் புகழ்ந்து பேசிவிட்டு, ருஷ்யக்காரர் மனம் மாறிய கதையை மறுபடி சொன்னார். கந்தையா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"வாத்தியார், ஒண்டு சொல்லட்டோ? கோவிக்கக் கூடாது. நீங்கள் கடைசி எண்டு சொல்லுற புத்தகம்தான் இந்த மூண்டிலை அவர் முதல் எழுதினது."

"என்ன சொல்றீங்க?"

"அந்தக் கோட்டையிலை நிக்கேக்கை அவர் இளந்தாரி. பேந்து கலியாணம் முடிச்சு அந்தப் பெரிய நாவலை எழுதினவர். கிழவனாகித்தான் சண்டையே வேண்டாம் எண்டவர். நீங்கள் கேட்ட முதல் புத்தகம்தான் அவரின்ரை கடைசிக் காலத்துப் பேச்சு. அந்தக் கோட்டைக் கதையிலையும் ரெண்டாவதைப் படிச்சிருந்தால் விளங்கியிருக்கும். அப்பவே அவருக்குச் சண்டை கசக்கத் தொடங்கியிட்டுது."

கந்தையா நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. "கோட்டைக்கு வெளியிலை நிண்டு குண்டு அடிச்சது ஆர் தெரியுமோ? இங்கிலீசுக்காரரும் பிரெஞ்சுக்காரரும்தான்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புத்தகத்துல பகைவன்னுதான் இருந்துது," என்றார் மெதுவாக. நான் கதவுக்குப் பின்னால் நிற்பதை விட்டுவிட்டு முன்னறைக்கே வந்துவிட்டேன். ஆண்கள் உட்கார்ந்திருந்த பாயின் நடுவில் நின்று, "நல்லாக் கேட்டுக்கிட்டீங்களா?" என்று அவன் அப்பாவைப் பார்த்துக் கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார்.

என் வயிற்றில் பால் வார்த்தது அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைதான். இனி ராஜு போக மாட்டான் என்று நம்பினேன். அவனுக்குப் பிடித்த வெண்டைக்காய்ப் பச்சடி வைத்துக் காத்திருந்தேன். வந்ததும் இலையைப் போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவர் மொதல்லதான்டா சண்டைக்குப் போனார். போய்ப் பார்த்துட்டுத்தான் அது பாவம்னு சொன்னார். வாத்தியார் மாத்திச் சொல்லிட்டார்."

"அப்படியா?" என்றான். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தான். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப நான் போறதுதாம்மா சரி."

"என்னடா சொல்றே?"

"அவர் கண்ணால பார்த்துட்டு வேண்டாம்னார். நான் இங்கேயே உட்கார்ந்துக்கிட்டு வேண்டாம்னு சொன்னா அதுக்குப் பேரு பயம். நானும் போய்ப் பார்க்கிறேன். தப்புன்னு பட்டா, தப்புன்னு சொல்லிட்டு வந்துடறேன். தாப்பா லா அம்மா."

"அவர் உசுரோட திரும்பி வந்தார்டா. வந்ததனாலதான் அவருக்கு மனசு மாற நாள் இருந்துது. கிழவனாகணும்னா மொதல்ல பிழைக்கணும்."

அவன் இலையில் இருந்த சோற்றை வழித்துச் சாப்பிட்டான். பிறகு, "மோர் ஊத்தும்மா," என்றான். ஊற்றினேன்.

5

மறுநாள் நான் ஆபீஸுக்குப் போனேன். அவன் அப்பாவும் கூட வந்தார். அவர் ஜம்பமெல்லாம் முந்தின நாளே இறங்கிவிட்டிருந்தது. வாசலில் இருந்த பியூன், "கையெழுத்துப் போட்டாச்சு லா அக்கா, இனிமே ஒண்ணும் செய்ய முடியாது," என்று அங்கேயே முடித்துவிட்டான். உள்ளே தலைமைக் குமாஸ்தா நம் கும்பகோணத்துக்காரர். அவர் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்:

"சண்டை முடியிற வரைக்கும்னு எழுதிக் குடுத்திருக்கான்மா உங்க பையன். இடையில மனசு மாறினா திரும்பி வரலாம்னு இதுல எங்கேயும் இல்லை."

"சண்டை எப்ப முடியும்?"

"அது எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கேன்?"

அவன் அப்பா கையைக் கூப்பிக்கொண்டு துரையின் அறை வாசலில் நின்றார். துரை வெளியே வந்து, இவரை யாரென்றே அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனார். கைகுலுக்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

கிள்ளான் துறைமுகத்துக்கு ரயிலில் போனோம். ராஜு வழியெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தான். அந்தோணியின் அம்மா தன் மகன் கழுத்தில் ஒரு ஜெபமாலையைப் போட்டுவிட்டாள். நான் திருநீறு பூசினேன். படகில் ஏறிய பிறகுதான் ராஜுவின் முகம் கொஞ்சம் மாறியது. அவன் அப்பா சுங்கச் சாவடிக்குப் பின்னால் போய்ச் சுவரில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். நான்தான் அவரை ரயிலடிக்குக் கூட்டி வந்தேன்.

அதற்குப் பிறகு நான் ஊர் வாயில் விழுந்தேன். கோயிலில் வெள்ளைக்காரர் ஜெயிக்க வேண்டுமென்று அர்ச்சனை செய்தார்கள். சங்கற்பத்தின் நடுவில் நான், "யாரும் ஜெயிக்க வேண்டாம், எல்லாரும் வீட்டுக்குப் போகட்டும்," என்று சத்தமாகச் சொன்னேன். குழாயடியில், பாசார்ச் சந்தையில், மீன்காரனிடம்கூட, சண்டை பாவம் என்று ருஷ்யக் கிழவர் சொன்னதைச் சொன்னேன். பைத்தியம் என்றார்கள். அவன் அப்பாவின் வேலைக்கு வினை வரும் என்று பயமுறுத்தினார்கள். வந்தால் வரட்டும். ஒரு வருஷமாக நான் சாமியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கிழவர் மனம் மாறியதுபோல் என் பிள்ளையின் மனமும் மாற வேண்டும்.

6

போன வியாழக்கிழமை அந்தோணி வந்தான். அங்கே விஷக்காய்ச்சலில் படுத்து, ஒரு கண்ணில் பார்வை போய், உதவ மாட்டான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பன்றிக்குட்டி மாதிரி உருண்டு திரண்டிருந்த பையன், எலும்பும் தோலுமாக என் முன்னறையில் உட்கார்ந்தான். காப்பித் தம்ளரை அவன் முன்னால் வைத்தேன்.

"ராஜு எப்படிடா இருக்கான்? உள்ளதைச் சொல்லு."

"மாறிட்டான்மா," என்றான்.

கேட்டதும் என் கண்ணில் நீர் வந்துவிட்டது. சாமி காது கொடுத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்தோணி சொல்லிக்கொண்டு போனான். ராஜு இருந்த ஸ்டேஷன் வழியாகக் காயம் பட்டவர்களை ஏற்றிய வண்டிகள் போகும். எத்தனை பேர் உயிரோடு, எத்தனை பேர் பிணம் என்று அடுத்த ஸ்டேஷனுக்கு இவன் தந்தி அடிக்க வேண்டும். ஒரு நாள் கூட்ஸ் வண்டியில் துருக்கிக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அதில் இவன் வயதுப் பையன் ஒருவன் சைகையால் தண்ணீர் கேட்டான். இவன் கொடுத்தான். குடித்துவிட்டு அவன் இவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அடுத்த ஸ்டேஷனில் அந்த வண்டியிலிருந்து ஒரு பிணத்தை இறக்கியதாகத் தந்தி வந்தது. யார் என்று கேட்டு இவன் திருப்பி அடித்தான். அந்தப் பையன்தான்.

"மறுநாளே அதிகாரிகிட்ட போய் நின்னான்மா. இது தப்பு, என்னால முடியாது, வீட்டுக்கு அனுப்பிடுங்கன்னான். அவங்க கையெழுத்தைக் காட்டினாங்க. கோவத்துல இன்னும் முன்னாடி இருக்கிற ஸ்டேஷனுக்கு மாத்திட்டாங்க. அங்கேதான் நானும் இருந்தேன். அங்கே குண்டு விழுது."

"அப்புறம்?"

அவன் சொல்லத் தயங்கினான். நான் விடவில்லை.

"சத்தம் கேட்டா எல்லாரும் பதுங்கு குழியில இறங்கிடுவோம்மா. அவன் இறங்க மாட்டேங்கிறான். மேசைகிட்டயே உட்கார்ந்திருக்கான். கையைப் பிடிச்சு இழுத்தாலும் வர மாட்டான். எதுக்குப் பிழைக்கணும்கிறான். இந்த வேலையைத் தினம் செஞ்சுக்கிட்டு எதுக்குச் சாப்பிடணும்கிறான். என்கிட்ட மட்டும் சொன்னான்: 'கிழவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து மனசு மாறினார், நான் இங்கேயே மாறித் தொலைச்சுட்டேன்'னு."

அந்தோணியை அவன் அம்மாவிடம் கொண்டுபோய்விட ராஜுவின் அப்பா கூடப் போனார். நான் செருப்புகூடப் போடாமல் வாத்தியார் வீட்டுக்கு நடந்தேன். கந்தையா பேசிய அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் படி ஏறுவதில்லை. என்னைக் கண்டதும் பயந்து எழுந்து நின்றார். நான் திட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ராஜுவுக்கு ஒரு கடிதாசி எழுதணும் வாத்தியார். இங்கிலீஷ்ல எழுதுங்க, அப்பத்தான் சீக்கிரம் போகும். மை பூசாம விடுற மாதிரி எழுதுங்க."

"சொல்லுங்க தங்கச்சி." பேனாவை எடுத்தார்.

"இந்தச் சண்டை நியாயமானதுன்னு எழுதுங்க. நீ செய்யிற வேலை நல்ல வேலைன்னு எழுதுங்க. ஊரே உன்னைப் புகழுதுன்னு எழுதுங்க."

வாத்தியார் என்னையே பார்த்தார். "நீங்களா இதைச் சொல்றீங்க? கோயில்ல அத்தனை பேர் முன்னாடி நின்னு பேசினவங்க நீங்க. கிழவர் சொன்னதுதான் சத்தியம்னு எனக்கே புத்தி சொன்னீங்க."

"சத்தியம்தான். இப்பவும் சத்தியம்தான். கிழவருக்குச் சொந்த வீடு இருந்துது, நிலம் இருந்துது, போய் உட்கார்ந்து சத்தியம் பேசினார். என் பிள்ளைக்கு அங்கே ஒரு குழிதான் இருக்கு. அவன் அதுல இறங்கணும் வாத்தியார்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு எழுத ஆரம்பித்தார். இரண்டு வரி எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"நான் சொன்னதா எழுதினா அவன் நம்ப மாட்டான் தங்கச்சி."

"அம்மா சொன்னதா எழுதுங்க," என்றேன்.